ஒரே எண், இரண்டு ஆள்: கணிப்பொறிகள் நம்மை அடையாளம் காணும் விதம்

ரயிலே இல்லாத இந்தத் தீவில் ரயில் பெட்டியைக் கொண்டு பாடத்தைத் தொடங்குகிறேன், பொறுத்தருள்க. டிப்ளமா முடித்தது முதல் ஓய்வு பெறும்வரை ரயில்வேயிலேயே காலம் தள்ளியவனுக்கு வேறு உதாரணம் எளிதில் வாய்ப்பதில்லை.

நான் பணியிலிருந்த காலத்தில் பயணிகள் பெட்டியின் பக்கவாட்டில் எண்ணை மட்டும் எழுதமாட்டோம். எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்ற குறியையும் சேர்த்தே எழுதுவோம். தெற்கு ரயில்வேயில் இருக்கும் எண்ணே மத்திய ரயில்வேயின் ஒரு பெட்டிக்கும் இருக்கலாம். குறியை விட்டுவிட்டால் எந்தப் பெட்டி எவருடையது என்று சொல்ல முடியாது. இதை நன்றாக அறிந்திருந்தும், கணிப்பொறி விஷயத்தில் நானே கோட்டை விட்டேன்.

போர்ட் பிளேயரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒரு வாசகசாலையின் கணிப்பொறிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோள் இணையத்தை நம்பி எதையும் வெளியே வைக்க முடியாது. எல்லாம் அறையிலுள்ள டிஸ்கில்தான். அந்தப் பழக்கம் பிறகும் எங்களை விடவில்லை. ஒரு லினக்ஸ் இயந்திரத்தில் கோப்புகளை வைத்து, என்.எஃப்.எஸ். என்னும் முறையில் மற்றொரு லினக்ஸ் இயந்திரத்துக்குப் பகிர்ந்திருந்தேன். படிப்புதவி கேட்டு வந்த விண்ணப்பங்கள், குடும்ப வருமான விவரத்துடன், அதில்தான் இருந்தன. என்னைத் தவிர யாரும் திறக்க முடியாதபடி பூட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கல்லூரி மாணவன் ஒருவன் வந்து, "சார், இந்த ஃபோல்டர் எனக்குத் திறக்குது. நான் பார்க்கலாமா?" என்று கேட்டான். அதிலிருந்த ஒரு விண்ணப்பம் அவனுடன் படிக்கும் பெண்ணின் தகப்பனார் கொடுத்தது. பையன் நேர்மையானவன், ஆனாலும் பார்த்தது பார்த்ததுதானே. அந்தக் குடும்பத்தாரிடம் நேரில் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக இருந்தார். எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கமில்லை.

காரணம் மிகச் சாதாரணமானது. லினக்ஸுக்கு உங்கள் பெயர் முக்கியமில்லை. கோப்பின் மேல் அது எழுதி வைப்பது ஓர் எண். நிர்வாகியான ரூட்டுக்கு எண் 0. சாதாரணப் பயனர்களுக்குப் பெரும்பாலான லினக்ஸ்களில் 1000 முதல் தொடங்கும். என் இயந்திரத்தில் முதலில் பதிவானவன் நான், எண் 1000. மற்றதில் முதலில் பதிவானவன் அந்த மாணவன், அவனுக்கும் 1000. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த என்.எஃப்.எஸ். வழக்கமான அமைப்பில் எண்ணைத்தான் அனுப்புகிறது. 1000 வந்து கதவைத் தட்டியது. 1000-இன் பெட்டி திறந்தது. குழு எண்களுக்கும் இதே கதிதான்.

ஆகவே முதல் வேலை, இயந்திரந்தோறும் 'ஐடி' கட்டளையைக் கொடுத்து எண்களைப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதுவது. ஓர் ஆளுக்கு எல்லா இயந்திரத்திலும் ஒரே எண். ஓர் எண் இருவருக்குக் கிடையாது. மாணவனுக்கு 2001 என்று மாற்றினேன். 'யூசர்மாட்' கட்டளை அவனுடைய சொந்த அடைவில் உள்ள கோப்புகளை மாற்றிவிடும். வெளியே கிடப்பவை பழைய எண்ணிலேயே நிற்கும். அவற்றைத் தேடிப்பிடித்து மாற்றாவிட்டால், நாளை அந்த இயந்திரத்தில் 1000 பெறும் புதியவருக்கு அவை சொந்தமாகிவிடும். விலகியவரின் எண்ணை வேறொருவருக்குக் கொடுப்பதிலும் இதே ஆபத்து உண்டு.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. மற்ற இயந்திரத்தில் ரூட் அதிகாரம் பெற்றவர் எந்த எண்ணையும் வேடமாகப் போட்டுக்கொள்ளலாம். 0 என்று வந்தால் அதை 'நோபடி' என்னும் அதிகாரமற்ற ஆளாக மாற்றும் காவல் உண்டு. 1000 என்று வேடமிட்டு வந்தால் அந்தக் காவல் செல்லாது. எனவே விண்ணப்பங்களை அந்தப் பகிர்விலிருந்தே எடுத்து, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சாம்பாவுக்கு மாற்றினேன். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992 வாக்கில் தொடங்கிய மென்பொருள் இது. விண்டோஸும் லினக்ஸும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பாலமாக நிற்பது.

விண்டோஸின் ஏற்பாடு எங்கள் ரயில் பெட்டியைப் போன்றது. அதன் அடையாளம் 'எஸ்-1-5-21' என்று தொடங்கும். பிறகு மூன்று பெரிய எண்கள், அவை எந்த இயந்திரம் அல்லது எந்த டொமைன் என்பதைச் சொல்லும். கடைசியில் ஆளுக்குரிய எண், அதற்கு 'ரிட்' என்று பெயர். அட்மினிஸ்ட்ரேட்டரின் ரிட் 500. பெயரை மாற்றி வைத்தாலும் 500 மாறாது. இவ்வளவு நீள அடையாளத்தை லினக்ஸின் ஒற்றை எண்ணாக மொழிபெயர்ப்பதுதான் 'ஐடிமேப்'. டொமைன் உள்ள அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இதைச் சற்றுக் கவனமாகப் படிக்கவேண்டும்.

சாம்பாவில் இந்த மொழிபெயர்ப்புக்குப் பல வழிகள் உண்டு. 'டிடிபி' வழி ரேஷன் கடை டோக்கன் மாதிரி: முதலில் வந்தவருக்கு முதல் எண், அதை அந்தச் சர்வர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். இரண்டு சர்வர் இருந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு எண் விழலாம். 'ரிட்' வழியில் டோக்கன் இல்லை, கணக்குத்தான். தொடக்கம் 100000 என்று வைத்தால், ரிட் 1105 உள்ளவர் 101105 ஆவார். எந்தச் சர்வரில் கணக்கிட்டாலும் அதே விடைதான், எல்லாவற்றிலும் தொடக்கம் ஒன்றாக இருக்கும்வரை. 'ஏடி' வழியில் டொமைனிலேயே ஒவ்வொருவருக்கும் எண்ணைக் கையால் பதிந்து வைக்கவேண்டும்; பெரிய அலுவலகத்துக்குச் சரி, நமக்கு வீண் வேலை. என் ஓட்டு ரிட் வழிக்கே.

இரண்டாவது டொமைன் வந்தால் அதற்கு 200000 முதல் என்று தனி எல்லை கொடுங்கள். எந்த டொமைனிலும் சேராதவற்றுக்கு 3000 முதல் 7999 வரை என்பது போல ஒரு சிறு எல்லை போதும். எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. கோப்புகள் சேர்ந்தபின் தொடக்க எண்ணை மாற்றவும் கூடாது. மாற்றினால் அத்தனை கோப்பும் ஒரே இரவில் சொந்தக்காரரை இழக்கும்.

டிடிபி வழியில் ஓடும் சர்வர் உங்களிடம் இருந்தால், டிஸ்க் மாற்றுவதற்கு முன் கோப்புகளோடு 'வின்பைண்ட்' வைத்திருக்கும் அந்த ஐடிமேப் குறிப்பேட்டையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். புதிய டிஸ்கை மாட்டியதும் இன்னோர் இயந்திரத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு உரிமையில்லாத ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். அந்த மாணவனையே அழைத்து அப்படித்தான் சோதித்தேன். "இப்ப திறக்கல சார்" என்றான்.