பிரிட்ஜ் கதவில் ஒட்டிய இலக்கம்

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று கிழமை ஆகிறது. பதில் பிந்தியதற்குக் குறை நினைக்க வேண்டாம். "மகனின் ஓட்டிசம் பயிற்சிக்கு அரசின் பணம் வர எத்தனை வருஷம் எடுக்கும் அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நேரான பதில் என்னிடம் இருந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு மூன்று வருஷம் எடுத்தது. இன்னொரு குடும்பம் ஐந்து வருஷம் கழிந்தும் காத்திருக்கிறது. ஒன்ராறியோ ஓட்டிசம் திட்டத்தில் பதிந்த பிள்ளைகளின் தொகை 2023இலேயே 60,000ஐத் தாண்டிவிட்டது. உங்கள் மகனுக்கு இரண்டு வயதும் பத்து மாதமும். கூட்டிக் கழித்து நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரவு இரண்டு மணிக்கு எழுதிய கடிதம் அது என்று எழுத்திலேயே தெரிந்தது.

"மாமியின் கதையைக் கேட்டு ஆறு மாதத்தை வீணாக்கிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். 'தகப்பனும் நாலு வயதில்தான் வாய் திறந்தவன்' என்ற அந்தக் கதை எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைச் சொன்னது என் அம்மா. மாமியோடு கோபிக்காதீர்கள், இனி வரும் வருஷங்களில் அவருடைய மடி உங்களுக்கு வேண்டும். ஆறு மாதம் போனது உண்மை. ஆனால் வரிசை இவ்வளவு நீண்டதற்கு மாமி காரணமில்லை.

கனடாவில் வைத்தியம் இலவசம் என்றுதானே நாங்கள் ஊருக்குச் சொல்லுகிறோம். டொக்டரும் ஆஸ்பத்திரியும்தான் அதற்குள் அடக்கம். ஓட்டிசம் பிள்ளைக்கான பயிற்சி அடக்கமில்லை. அதையும் அரசுதான் தர வேண்டும் என்று பிரிட்டிஷ் கொலம்பியாப் பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். இரண்டு நீதிமன்றங்களில் வென்றவர்கள் 2004 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆகவே இது உரிமை என்று எவரும் கேட்க முடியாது; மாகாணம் பார்த்துத் தருவதுதான். பார்த்துத் தருவது எப்படி இருக்கும் என்று 2019இல் ஒன்ராறியோவில் கண்டோம். அப்போது வரிசையில் 23,000 பிள்ளைகள். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து வரிசையைத் தீர்க்கிறோம் என்று, ஆறு வயதுக்கு உட்பட்டவருக்கு ஆண்டுக்கு ஆகக் கூடியது 20,000 டொலர், மேற்பட்டவருக்கு 5,000 டொலர் என்று பங்கு வைத்தார்கள். சில பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 80,000 டொலர் வரை முடியும் பயிற்சி அது. மார்ச் மாதக் குளிரில் பெற்றோர் மாகாணச் சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க்கில் திரண்டார்கள். நானும் ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விரல் விறைத்துப்போய். திட்டத்துக்கான பணம் இரட்டிப்பாகி 600 மில்லியன் டொலர் ஆனது அதற்குப் பிறகுதான். வரிசை குறையவில்லை. அன்று இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

இனி உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இரண்டு வசனங்களுக்கு வருகிறேன். முதலாவது: "பதிந்துவிட்டோம், இலக்கம் வந்துவிட்டது, பிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன், இனி அவர்கள் கூப்பிடும்வரைக்கும் செய்ய ஒன்றுமில்லை."

அந்த இலக்கம் பெரிய பணத்துக்கான வரிசை. ஏபிஏ என்ற நடத்தைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, ஓக்குபேஷனல் தெரபி என்று நீங்கள் கேள்விப்பட்டதெல்லாம் அந்தப் பணத்தில் வாங்குபவை. அதே பதிவை வைத்து இப்போதே கேட்கக்கூடியவை வேறு இருக்கின்றன. பெற்றோருக்கான இலவச வகுப்புகளுக்கு வரிசை இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு, தாய் தகப்பனையும் கூட இருத்திப் பழக்குகிற ஒரு திட்டம் இருக்கிறது: ஆறு மாதம் வரை, காசு இல்லை, 12 மாதம் முதல் 48 மாதம் வரையான பிள்ளைகளுக்கு மட்டும். உங்கள் மகனுக்கு 34 மாதம். பதினாலு மாதத்தில் அந்தக் கதவு சாத்திவிடும், பிறகு கெஞ்சினாலும் திறக்காது. இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும், நீங்கள் பதிந்த அக்செஸ் ஓஏபிக்குப் போன் எடுத்து, அந்தத் திட்டத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'கேர்கிவர் மீடியேட்டட்' என்று சொன்னால் புரியும். ரொறன்ரோ மாநகரத்தின் பாலர் பேச்சுப் பயிற்சிச் சேவை இன்னொன்று. அது ஓட்டிசம் திட்டத்தைச் சேர்ந்ததே இல்லை; டொக்டர் கடிதமும் தேவையில்லை, தாயே போன் எடுத்துப் பதியலாம். ஆனால் பள்ளிக்கூடம் தொடங்குமுன் போக வேண்டும்.

வரித் திணைக்களத்தின் ரி2201 படிவத்தையும் டொக்டரிடம் கொடுத்து நிரப்புவியுங்கள். அது ஏற்கப்பட்டால் பிள்ளைக் காசோடு சேர்த்து ஊனமுற்ற பிள்ளைக்கான கொடுப்பனவும் வரும், அவன் பெயரில் ஆர்டிஎஸ்பி சேமிப்பும் திறக்கலாம். 'ஊனம்' என்ற சொல்லைப் படிவத்தில் பார்த்து என் கணவர் ஒரு வருஷம் கையெழுத்து வைக்க மறுத்தார். பிந்தினாலும் பத்து வருஷம் வரை பின்னோக்கிக் கேட்கலாம் என்பதால் தப்பினோம்.

இரண்டாவது வசனம்தான் பெரியது. "டேகெயாரில் இனி வீட்டிலும் இங்கிலிஷ் மட்டும் கதைக்கச் சொன்னார்கள். ஒரு மாதமாகத் தமிழை நிறுத்திவிட்டோம்."

தங்கச்சி, இன்றைக்கே திரும்பத் தொடங்குங்கள்.

எனக்கும் இதையே சொன்னார்கள். சொன்னவர் நல்லவர்தான். நான் இரண்டு வருஷம் என் பிள்ளையோடு தமிழ் கதைக்கவில்லை. அந்த நாளில் எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் கோப்பிக் கடைக் கவுண்டரில் பழகிய இங்கிலிஷ். 'கம்', 'சிட்', 'நோ', 'ஈட்'. ஒரு தாய் மூன்று வயதுப் பிள்ளையோடு இந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு என்ன கதைப்பாள்? தாலாட்டு நின்றது. குளிக்க வார்க்கும்போது சொல்லும் காக்காய்க் கதை நின்றது. அம்மாவுக்கு அந்த நாலு சொல்லும் வராது. அவர் வாய் திறக்காமல் பேரனுக்குச் சோறு தீத்தினார். பேசப் பழக வேண்டிய பிள்ளையைச் சுற்றி வீடே ஊமையாகிவிட்டது.

கதைக்கவே கஷ்டப்படும் பிள்ளைக்கு இரண்டு மொழி பாரம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சோதித்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாரம் தென்படவில்லை. மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில், ஓட்டிசம் உள்ள 75 சிறு பிள்ளைகளை, ஒரு மொழி வீட்டுப் பிள்ளைகள், இரண்டு மொழி வீட்டுப் பிள்ளைகள் என்று ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்கள் அதனால் கூடுதலாகப் பின்தங்கவில்லை. அதன் பிறகு வந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான். உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச, பகிடி விட, கோபிக்க வருமோ அதில் கதையுங்கள். என் மகன் ஆறு வயதில் முதன்முதலாகத் தமிழில் சொன்ன சொல் 'காணும்'. அம்மா தட்டில் இன்னொரு அகப்பை பிட்டுப் போட்டபோது சொன்னான். அதைக் கேட்டு அம்மா அழுதுகொண்டே இன்னும் ஒரு அகப்பை போட்டார், அது வேறு கதை.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். ரொறன்ரோவிலேயே ஹனன் நிலையம் என்று ஒன்று இருக்கிறது, 1975இல் தொடங்கியது. பெற்றோருக்கு அவர்கள் சொல்லிக்கொடுப்பதில் பாதி, பார்ப்பதும் பொறுப்பதும் கேட்பதும்தான். எங்களுக்குப் பொறுக்க வராது. பிள்ளை குழாயடிக்குப் போய் நின்றால் உடனே கோப்பையில் தண்ணீர் நிரப்பிக் கையில் கொடுத்துவிடுவோம். கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவன் முகத்துக்கு நேரே குந்தியிருந்து, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவன் உங்களைப் பார்க்கலாம். கையை இழுக்கலாம். 'த' என்று ஒரு சத்தம் வரலாம். எது வந்தாலும் அதுதான் கேட்டது. "தண்ணி" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள், முழுக்கோப்பை வேண்டாம், ஒரு மிடறு. திரும்பவும் கேட்பான். ஊஞ்சலில் மூன்று தரம் ஆட்டிவிட்டு நாலாவது தரம் பிடித்து நிறுத்துங்கள். சோப்புக் குமிழிப் போத்தலின் மூடியை இறுக்கிக் கொடுங்கள். "இது என்ன? அது என்ன நிறம்? மாமாவுக்குச் சொல்லு!" என்ற பரீட்சையை மட்டும் நிறுத்துங்கள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரருக்கும் சொல்லிவையுங்கள், அது இன்னும் கஷ்டம்.

சில பிள்ளைகளுக்குப் பத்து எண்ணினாலும் சத்தம் வராது. அவர்களுக்குப் படம். உங்கள் வீட்டுக் கோப்பையை, உங்கள் வீட்டு ஊஞ்சலை, தகப்பனைப் போனில் படமெடுத்து அச்சடியுங்கள். கடையில் வாங்கும் கார்ட்டூன் கோப்பை அவனுக்குக் கோப்பையாகத் தெரியாமல் இருக்கலாம். படம் காட்டப் பழகினால் பேச்சு வராது என்று யாராவது சொல்வார்கள். அதுவும் இங்கிலிஷ் கதையைப் போலத்தான். படம் பேச்சை மறித்ததாக ஆய்வுகள் காட்டவில்லை.

காத்திருப்பவர்களின் வீட்டு வாசலுக்கு வேறு சிலரும் வருவார்கள். இதை மென்மையாக எழுத எனக்கு மனமில்லை. நூல் கட்டினால் கட்டுங்கள், நாவூறு கழித்தால் கழியுங்கள், பிள்ளைக்கு நோகாது. ஆனால் உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம், ஸ்டெம் செல் ஏற்றுகிறோம், சில துளி விட்டால் மாறிவிடும் என்பவர்களுக்குக் கதவைத் திறக்காதீர்கள். அந்தத் துளி ஒருவகைப் பிளீச். கனடா சுகாதாரத் திணைக்களமே எச்சரித்திருக்கிறது. உலோகம் எடுக்கும் ஊசியால் 2005இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். மாறிவிடும் என்று விலை சொல்பவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடம். அதற்கு முன்னரே, பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்யும் ஆறு மாதப் பயிற்சி ஒன்று அதே ஓட்டிசம் திட்டத்தில் இருக்கிறது, அதையும் போனில் கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்கும் அந்த வரிசைக்கும் தொடர்பில்லை. பணம் வந்த பிறகு பார்ப்போம் என்று அதிபர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கென்று ஐஈபி என்ற தனிக் கல்வித் திட்டம் எழுதக் கேளுங்கள், விசேட கல்வித் தேவையை முடிவு செய்யும் ஐபிஆர்சி குழுவைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். ஐபிஆர்சியை எழுத்தில் கேட்டால் அதிபர் மறுக்க முடியாது. வாயால் கேட்டு ஒரு வருஷம் இழந்தவள் நான்.

ஹோலில் நடக்கும் பிறந்தநாளுக்கும் சாமத்திய வீட்டுக்கும் போவதை விட்டுவிட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஸ்பீக்கர் சத்தம் எனக்கே தாங்காது. காதை மூடும் ஹெட்போன் ஒன்றை வாங்கி மாட்டி, சாப்பாட்டு நேரத்துக்குப் போய் அரை மணித்தியாலத்தில் திரும்புங்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அதைவிட, ஸ்காபரோவில் இருக்கும் தெற்காசிய ஓட்டிசம் மையத்துக்கு ஒரு நாள் போங்கள். பரதநாட்டிய ஆசிரியை ஒருவர் முன்னின்று 2008இல் தொடங்கியது. உங்களைப் போன்ற தாய்மாரை அங்கே காண்பீர்கள்; எவரும் உங்கள் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

என் மகனுக்கு இப்போது 16 வயது. நிறையக் கதைக்க மாட்டான். காலையில் தேத்தண்ணி தானே போடுவான், எனக்கும் ஒரு கோப்பை. அரசின் பணம் அவனுக்கு ஐந்தரை வயதில் வந்தது, பிரயோசனமாகத்தான் இருந்தது. நீங்களும் அந்த வரிசையை விட வேண்டாம். விலாசமோ போன் இலக்கமோ மாறினால் உடனே அறிவியுங்கள், அழைப்பு பழைய வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

பிரிட்ஜில் ஒட்டிய அந்தக் கடிதத்தை மட்டும் கழற்றிக் கோவைக்குள் வையுங்கள். அந்த இடத்தில் தண்ணிக் கோப்பை, ஊஞ்சல், அப்பா மூன்று படத்தையும் ஒட்டுங்கள். உங்கள் கண்ணுக்கு நேரே வேண்டாம், அவன் கை எட்டும் உயரத்தில்.

அன்புடன்,
அக்கா