ஸ்ரெப்ரெனிட்சா தந்த பாடம்

இனப்படுகொலையைக் குறிக்கும் 'ஜெனொசைட்' என்ற சொல்லுக்கு இன்னும் நூறு வயதாகவில்லை. ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூதச் சட்டத்தரணி 1944இல் வெளியான தமது நூலில் அதை அறிமுகப்படுத்தினார். ஒரு தேசிய, இன அல்லது மதக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்குடன் செய்யப்படும் செயல்களே இனப்படுகொலை என்று 1948ஆம் ஆண்டின் ஐ.நா. சமவாயம் கூறுகிறது. பரீட்சைக்கு இந்த வரைவிலக்கணம் போதும். மனதுக்கு அது போதாது என்பதை அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் ஐ.நா. அமைதிகாக்கும் படை பற்றிக் கற்றபோது உணர்ந்தேன்.

பொஸ்னியாவின் கிழக்கே உள்ள சிறு நகரம் ஸ்ரெப்ரெனிட்சா. 1993 ஏப்ரலில் பாதுகாப்புச் சபை அதைப் பாதுகாப்பு வலயமாக அறிவித்தது. 1995 ஜூலை 11இல் பொஸ்னிய சேர்பியப் படை அதைக் கைப்பற்றியது. நெதர்லாந்து அமைதிப்படையினர் அங்கே இருந்தும் மக்களைக் காக்கவில்லை. பெண்களும் சிறு பிள்ளைகளும் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். ஆண்கள் பிரித்தெடுக்கப்பட்டார்கள். சில நாட்களுக்குள் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். குற்றத்தை மறைக்கப் புதைகுழிகளை மீண்டும் தோண்டி, உடல்களை வேறிடங்களுக்கு மாற்றினார்கள். அதனால் ஒருவருடைய எலும்புகளே பல குழிகளில் கிடைத்தன.

எண்ணிக்கையை விட 'பிரித்தெடுக்கப்பட்டார்கள்' என்ற சொல்தான் என்னை உலுக்கியது. என் தம்பிக்கு வயது பதினான்கு. அவனை எந்தப் பக்கம் நிறுத்தியிருப்பார்கள்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

துக்கத்தின் பின்னால் கோபம் வந்தது. அந்தக் கோபம் ஓர் இனம் முழுவதையும் வெறுக்கச் சொன்னது. ஆனால் இனப்படுகொலை தொடங்குவதும் அப்படியான வெறுப்பிலிருந்துதானே? நீதிமன்றம் அந்த வழியில் போகவில்லை. படைத் தளபதி ரட்கோ மிலாடிச்சுக்கு 2017இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை பெற்றவர் ஒரு மனிதர், ஓர் இனமல்ல.

அடுத்த பாடத்தில் ஆசிரியை ருவாண்டாவைப் பற்றிக் கற்பித்தார். 1994இல் ஏறத்தாழ நூறு நாட்களில் சுமார் 8 இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் துட்சி இனத்தவர். வானொலி அவர்களைக் கரப்பான் பூச்சிகள் என்றது. வீதித் தடைகளில் அடையாள அட்டையில் இருந்த இனப்பெயரே உயிரைத் தீர்மானித்தது. அங்கே கொன்றவர்களிலும் கொல்லப்பட்டவர்களிலும் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். இறந்தவர் நம்மவரா என்று விசாரித்த பின் வருவது உண்மையான துக்கமாகாது.

மாணவிகளே, ஆண்டுகளையும் எண்களையும் மனனம் செய்வோம். அதனுடன் ஒரு சமூகத்தைப் பூச்சி என்று அழைத்த முதல் வார்த்தையையும் நினைவில் வைப்போம். அத்தகைய பகிடி நமது வட்ஸ்அப் குழுவுக்கு வந்தால் அதைப் பகிராமல் விடுவதும், வேண்டாம் என்று சொல்வதும் நம் கையில் இருக்கின்றன.

பெற்றோரே, இப்படியான பாடம் படித்துவிட்டு மகள் பேசாமல் இருந்தால், "இதையெல்லாம் யோசிக்காதே" என்று சொல்லிவிடாதீர்கள். என் உம்மா அன்று வேலையை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அதன் பிறகுதான் என்னால் புத்தகத்தைத் திறந்து மீதியைப் படிக்க முடிந்தது.