சங்கு குளிக்கிறவரின் தோள்வலி

அன்புள்ள தம்பி,

ஓ.பி.யில் கூட்டம் நெரிக்கிறது, ஒவ்வொருவரிடமும் கதை கேட்க நேரம் ஏது என்று எழுதியிருந்தாய். 1975-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. புதிதாக வந்த 80 நோயாளிகளில் 66 பேருக்கு, கொண்டுவந்த கடிதத்தையும் அவர்கள் சொன்னதையும் வைத்தே நோய் சரியாகப் பிடிபட்டது. நம்மூரில் அப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். இங்கே கேட்கிற விதத்தில் கேட்டால்தான் பதில் வரும்.

"என்ன வேலை?" என்றால் கடலோரத் திரேஸ்புரத்துக்காரர் "கடல் தொழில்" என்பார். நீயும் மீனவர் என்று எழுதி, தோள்வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிடுவாய். அவர் சங்கு குளிக்கிறவராக இருக்கலாம். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது; சங்குக் குளிப்பு நிற்கவில்லை. மூச்சடக்கி இறங்கியது போய், இப்போது கம்ப்ரசர் குழாயில் காற்று வாங்கிக்கொண்டு நெடுநேரம் அடியில் இருக்கிறார்கள். அழுத்தத்தில் ரத்தத்திலும் சதையிலும் கரைந்த நைட்ரஜன், சட்டென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழியிடும்; தோள்வலி அதனால் இருக்கலாம்.

ஆகவே, "எத்தனை பாகம் இறங்கினீங்க? எத்தனை தடவை? மேலே வந்து எவ்வளவு நேரத்துல வலிச்சுது?" என்று கேள். (பாகம் என்பது அவர்கள் ஆழத்தை அளக்கிற கணக்கு.) கம்ப்ரசர் என்றதும் வம்பு வருமோ என்று சிலர் மழுப்புவார்கள். நீ அதிகாரி இல்லை என்று புரியவை. "திரும்ப இறங்குனா வலி விட்டுப்போச்சு சார்" என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அழுத்தத்தில் குமிழி சுருங்கியிருக்கிறது. (அதையே வைத்தியமாகச் சொல்லிவிடாதே, ஆபத்து.)

தோளில் வீக்கம் இருக்காது, அமுக்கினாலும் பெரிதாக வலிக்காது, எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கும். கேஸ் ஷீட்டில் 'நார்மல்' என்று எழுதக் கை துடிக்கும். அவ்வளவு வலிக்கிற தோளில் ஒன்றுமே தட்டுப்படவில்லை என்பதுதான் அங்கே கண்டுபிடிப்பு. அதோடு விடாமல், அவரை எழுப்பி நடக்கவிடு. கால் பின்னுகிறதா? குண்டூசியால் பாதத்திலிருந்து மேலே லேசாகக் குத்திக்கொண்டே போ. உணர்ச்சி எங்கே தொடங்குகிறது என்று பார். தொப்புளுக்குக் கீழே விரலால் தட்டு. மந்தமாக ஒலித்தால், கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனார் என்று கேள். தண்டுவடத்தில் குமிழி அடைத்திருந்தாலும், மனிதர் தோளைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருப்பார்.

சந்தேகம் வந்ததும் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டு, சீனியரைக் கூப்பிடு. அழுத்த அறை இருக்கிற இடத்துக்கு அனுப்ப நேர்ந்தால், கடிதத்தில் 'தோள்வலி' என்று மட்டும் எழுதாதே. எத்தனை பாகம், எவ்வளவு நேரம், எத்தனை மணிக்கு மேலே வந்தார் என்பதையும் எழுது. அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

அன்புடன்,
அண்ணன்