காணாமற்போன குறுக்குவழியை மீட்டல்

கணினித் திரையில் நாள்தோறும் கண்ட சிறு படமொன்று திடீரென மறைந்துவிட்டால் மனம் கலங்குவது இயல்பே. கூட்டுறவுக் கடைக் கணக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டுரையும் தொலைந்தனவோ என அஞ்சி, பழுது பார்க்கும் கடைக்கு உடனே கணினியைத் தூக்கிச் செல்வோர் உளர். அங்கே அனைத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் பதித்துக் கொடுத்தால், அதுவரை பத்திரமாக இருந்த கணக்கு அப்போதுதான் மெய்யாகவே தொலையும். ஆகவே, நிகழ்ந்தது யாதென முதலில் அறிதல் வேண்டும்.

பெருஞ்சாலையிலிருந்து தோட்டத்திற்குப் பிரியும் செம்மண் சாலையின் முகப்பில் கைகாட்டிப் பலகை நிற்கிறது. அதனை எவரேனும் பிடுங்கி எறிந்தால் தோட்டம் மறைந்துவிடுமா? ஆலையும் லயங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். திரையில் உள்ள குறுக்குவழியும் அத்தகைய கைகாட்டியே. படத்தின் இடப்புறக் கீழ் மூலையில் சிறு அம்புக்குறி காணப்படின் அது குறுக்குவழி என்று தெளியலாம். அம்புக்குறி இல்லாத கடிதமோ கணக்கோ ஆயின், அதுவே அசல் கோப்பு. அதனை அழிப்பது பலகையைப் பிடுங்குவதன்று, வீட்டையே இடிப்பதாகும். பிள்ளைகளுக்கு வேறெதையும் கற்பிக்குமுன் இதனைக் கற்பித்தல் நலம்.

2001ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய கணினியை எடுத்துக்கொள்வோம். இதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை வழங்குவதை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8ஆம் நாளுடன் நிறுத்திவிட்டது. எனவே, இதனை இணையத்தில் இணைக்காமல் கணக்கெழுதுவதற்கு மட்டும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

அழித்த மறுகணமே தவறு தெரிந்தால் 'கண்ட்ரோல்' விசையை அழுத்தியவாறு 'இசட்' விசையைத் தட்டுக, படம் திரும்பிவிடும். நேரம் கடந்திருப்பின் 'ரீசைக்கிள் பின்' எனும் குப்பைத்தொட்டியைத் திறந்து, உரிய பெயரின்மீது சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, 'ரீஸ்டோர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொட்டியைக் காலிசெய்திருந்தாலும், 'ஷிப்ட்' விசையுடன் சேர்த்து அழித்திருந்தாலும் அங்கே ஒன்றும் இராது.

அப்போதும் கவலை வேண்டா. 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்தி, 'ஆல் புரோகிராம்ஸ்' பட்டியலில் அந்தச் செயலியைத் தேடுக. அதன்மீது வலப் பொத்தானை அழுத்தி, 'சென்ட் டூ' என்பதன்கீழ் 'டெஸ்க்டாப்' என்பதைத் தேர்ந்தால் புதிய கைகாட்டி நடப்பட்டுவிடும். 'மை கம்ப்யூட்டர்' படத்திற்கு அம்புக்குறி இராது. எனினும் அது கோப்பன்று. அது மறைந்திருப்பின், 'ஸ்டார்ட்' பட்டியலில் அதன் பெயர்மீது வலப் பொத்தானை அழுத்தி 'ஷோ ஆன் டெஸ்க்டாப்' என்பதைத் தேர்க.

சில வேளைகளில் வீட்டில் எவரும் அழித்திருக்கமாட்டார்; ஆயினும் பழி பிள்ளைகள்மீது விழும்! விண்டோஸ் எக்ஸ்பி 60 நாள்களுக்கு ஒருமுறை, பயன்படாத குறுக்குவழிகளை ஒதுக்கலாமா எனத் தானே கேட்கும். படித்துப் பாராமல் ஒப்புக்கொண்டால், அவையனைத்தையும் 'அன்யூஸ்டு டெஸ்க்டாப் ஷார்ட்கட்ஸ்' என்னும் உறையில் இட்டுத் திரையிலேயே வைத்துவிடும். அவ்வுறையைத் திறந்து, வேண்டியதைச் சுட்டியால் இழுத்து வெளியே விட்டால் போதும்.