சகலை மட்டும் தப்பித்தது எப்படி?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளோடு உட்கார்ந்து 'பிரேக்கிங் பேட்' தொடரை முழுசாகப் பார்த்து முடித்தேன். போதைமருந்து காய்ச்சும் வால்டர் செய்வதெல்லாம் அக்கிரமம் என்று தெரிந்தும், அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அவன் மனைவி ஸ்கைலர் வாயைத் திறந்தாலே எனக்கு எரிச்சல். "ஆம்பளை சிடுசிடுன்னு இருந்தா உங்களுக்கு ஹீரோ, பொம்பளை இருந்தா மட்டும் ராட்சசியாப்பா?" என்று மகள் சண்டைக்கு வருகிறாள். கதாநாயகனுக்குக் குறுக்கே நிற்பவரைப் பார்க்கிறவனுக்குப் பிடிக்காமல் போவது இயற்கைதானே? இதில் ஆண், பெண் எங்கே வந்தது?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் உங்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

2008 முதல் 2013 வரை வந்த 62 எபிசோடுகளும் பெரும்பாலும் வால்டரின் தோளில் உட்கார்ந்தே நகர்கின்றன. முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் வீட்டுக்கு வருகிறான். ஸ்கைலரோ, கிரெடிட் கார்டில் 15.88 டாலர் எதற்குச் செலவானது என்று கேட்கிறாள். பிரின்டருக்குப் பேப்பர் வாங்கினேன் என்கிறான். அந்தக் கார்டைத் தொடக் கூடாது என்று பேசியிருந்தோமே என்கிறாள். வயிற்றில் பிள்ளையோடு, கடனை இழுத்துப் பிடித்துக் குடும்பம் நடத்துகிறவள் கேட்கக்கூடிய கேள்விதான் இது. ஆனால் அவனுக்கு வந்திருக்கும் நோய் நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாததையே அவள் குற்றமாக்கி, அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பார்வை யார் பக்கம் இருக்கிறதோ, பரிவும் அந்தப் பக்கம் சாய்வது திரைக்கதையின் பழைய வித்தை. முதல் இரண்டு சீசன்களில் எழுத்தாளர்கள் அவள் மனசுக்குள் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை என்பதும் என் புகார்.

இப்போது ஹாங்கிடம் வருவோம். ஸ்கைலரின் தங்கை புருஷன், வால்டருக்குச் சகலை. போதைப்பொருள் தடுப்பு அதிகாரி. சத்தக்காரன். பிறரின் இனத்தை வைத்து மட்டமாகக் கிண்டலடிப்பான், சகலையையே எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டுவான். மூன்றாவது சீசனில் வால்டரின் கூட்டாளி ஜெஸ்ஸியை ஆஸ்பத்திரியில் படுக்கிற அளவுக்கு அடித்து நொறுக்குகிறான். வால்டருக்கு இவனைவிடப் பெரிய குறுக்கீடு வேறு யார்? ஹைசன்பர்க் என்ற பெயரில் மறைந்திருக்கும் வால்டரைப் பிடிப்பதுதான் இவன் பிழைப்பே! 'குறுக்கே நிற்பவரைப் பிடிக்காது' என்ற உங்கள் விதி உண்மையென்றால், ஸ்கைலரைத் திட்டுவதற்கு முன் ஹாங்கையல்லவா திட்டியிருக்க வேண்டும்? பாலைவனத்தில் அவன் சாகும்போது ரசிகர்கள் கலங்கினார்கள். நீங்களும் கலங்கியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

ஹாங் வால்டரைத் துரத்துவது நமக்கு இரண்டு ஆண்களின் மோதலாகத் தெரிகிறது, அதில் இரண்டு பேருக்கும் கைதட்டலாம். ஸ்கைலர் தடுப்பது வீட்டுக்குள்ளிருந்து. எதிரி எதிர்ப்பதை ஏற்கிற நாம், பெண்டாட்டி எதிர்த்தால் துரோகம் என்கிறோம். அவள் விவாகரத்துக் கேட்கிறாள், வால்டர் வீட்டைவிட்டு நகர மறுக்கிறான், அவள் தன் முதலாளி டெட்டோடு உறவு வைக்கிறாள். இதற்குள் வால்டர், ஜெஸ்ஸியின் காதலி ஜேன் மூச்சுத் திணறிச் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாயிற்று. பிறகு ஒரு சிறுவனுக்கு விஷமும் வைப்பான். ஆனாலும் ரசிகர் கூட்டத்தின் கணக்கில் மன்னிக்க முடியாத பாவம் டெட்தான். ஸ்கைலராக நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றியே எழுதினார். பாத்திரத்தின் மேலிருந்த வெறுப்பு தன்மேல் திரும்பியதை, தன்னைக் கொல்ல இருப்பிடம் கேட்டு ஒருவர் இணையத்தில் எழுதியது வரை அதில் சொன்னார். அந்தப் பாத்திரத்துக்காக இரண்டு முறை எம்மி விருது வாங்கியவர் அவர்.

வீடியோ கேமில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். உங்கள் மகளுக்கு 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தெரிந்திருக்கலாம். 2013இல் வந்த முதல் பாகத்தில் ஜோயல் என்ற கடுகடுப்பான ஆள், எல்லி என்ற சிறுமியைக் காப்பாற்ற ஆஸ்பத்திரி முழுக்கச் சுட்டுத் தள்ளுவான். அறுவை சிகிச்சை மருத்துவரையும் கொல்வான். கொல்லாமல் கதை நகராது, பட்டனை அழுத்துவது விளையாடுகிறவரின் விரல். பிறகு அந்தப் பெண்ணிடமே பொய் சொல்வான். 2020இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த மருத்துவரின் மகள் ஆபி, ஜோயலை கோல்ஃப் மட்டையால் அடித்துக் கொல்கிறாள். அவனைப் போலவே அன்புக்காகக் கொன்றவள்தான். கதையின் கிட்டத்தட்ட பாதியில் விளையாடுகிறவர் ஆபியாகவே நடமாட வேண்டும். பலர் முரண்டு பிடித்தார்கள். அவள் புஜங்களைப் பார்த்து 'இவள் பொம்பளையா' என்றார்கள். குரல் கொடுத்து நடித்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அன்பான ஜோயல் செத்ததுதான் கோபத்தின் பெரும்பங்கு, மறுக்கவில்லை. ஆனால் புஜத்துக்கும் பழிவாங்கலுக்கும் என்ன சம்பந்தம்?

நம் ஊர்க்காரர்கள் மட்டும் என்ன. 1974இல் பாலசந்தர் எடுத்த 'அவள் ஒரு தொடர்கதை'யில் சுஜாதாவின் கவிதா, வார்த்தைக்கு வார்த்தை சுடுகிறவள். ஏற்றுக்கொண்டோம். ஏனென்றால் குடும்பத்துக்கே அவள் சம்பளத்தில்தான் சோறு, கடைசியில் தன் கல்யாணத்தையும் விட்டுக்கொடுக்கிறாள். கூர்மையான நாக்குக்கு அவ்வளவு வாடகை. 1992இல் 'மன்னன்' படத்து விஜயசாந்தி அந்த வாடகையைத் தர மறுத்த தொழிலதிபர். அவரைக் கடைசியில் இல்லத்தரசியாக்கிய பிறகுதான் படம் ஓய்ந்தது. 'ஆதித்ய வர்மா' வகையறா நாயகன் குடித்துவிட்டு ஆபரேஷன் செய்கிறான், காதலியை அறைகிறான். அவனிடம் யாரும் வாடகை கேட்கவில்லை. பெண் பிரிந்த சோகமே போதுமான சமாதானம்!

ஸ்கைலரைப் பிடித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிலரை நமக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். நேரம் கிடைத்தால் மூன்றாவது சீசனின் முதல் சில எபிசோடுகளை மட்டும் மறுபடி போடுங்கள். கட்டிய புருஷன் போதைமருந்து காய்ச்சுகிறான் என்று தெரிந்துகொண்ட ஒருத்தி, பச்சைக்குழந்தையும் கையுமாக, போலீசிடமும் சொல்ல முடியாமல் சுற்றி வருகிறாள். உங்கள் மகளுக்கு நாளைக்கு அப்படியொரு புருஷன் வாய்த்தால், அவள் ஸ்கைலரைவிடப் பொறுமையாக நடந்துகொள்ள வேண்டும் என்பீர்களா? இதை அவளிடமே சொல்லிவிட்டு, அவள் என்ன சொல்கிறாள் என்று எழுதுங்கள்.