ஆளில்லாத அறைக்கும் கரண்ட் பில்லா?

நெய்வேலி அனல்மின் நிலையம் பக்கத்தில் இருந்தாலும் சேத்தியாத்தோப்புக்காரர்களுக்கும் யூனிட் விலை ஒன்றுதான். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீடுகளில் இதைச் செய்யுங்கள்.

1. அறையை விட்டு வரும்போதே ஃபேனை நிறுத்துங்கள். ஃபேன் காற்று ஆளுக்குத்தான் சுகம், அறையைக் குளிர்விக்காது. 75 வாட் பழைய ஃபேன் ராப்பகலாக ஓடினால் 60 நாளில் 108 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் இலவச 100 யூனிட்டை அது ஒன்றே தின்றுவிடும்!

2. ஏசி ஓடும்போது காலி அறைக் கதவைச் சாத்துங்கள். குளிர் அங்கே வீணாகாது.

3. டிவி, ஏசியை ரிமோட்டில் அணைத்தபின் சுவர் சுவிட்சையும் அணையுங்கள்; இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

4. மேற்கு ஜன்னலுக்கு மதியமே திரை போடுங்கள். பக்கத்து அறையும் சூடேறாது.

வீட்டில் உள்ளவர்கள் இன்றிரவே ஒருமுறை எல்லா அறைகளையும் சுற்றிப் பாருங்கள்.