ஒரு பாய் விரிக்கும் இடம் போதும்

ஆபீஸ் விடும் நேரத்து ஆவடி மின்சார ரயிலில் அம்பத்தூர் தாண்டியதும், திருமுல்லைவாயிலில் இறங்க வேண்டியவர்கள் வாசலை நோக்கி நகரத் தொடங்குவார்கள். கையை நீட்ட இடமிருக்காது; காலைத் தூக்கவே முடியாது. பழகிய பயணி முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, முன்னால் நிற்பவரின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் தொட்டே உணர்ந்து நழுவுவார். தென்சீனத்தின் விங் சுன் தற்காப்புக் கலை பழகுவதும் ஏறக்குறைய இந்தத் தூரத்தில்தான்.

கொக்கும் பாம்பும் சண்டையிட்டதைப் பார்த்து ஒரு பிக்குணி உருவாக்கிய கலை இது என்பது செவிவழிக் கதை. சரித்திரச் சான்று கிடையாது. சான்றோடு தெரிவது யிப் மான் (1893–1972) காலம். ஃபோஷான் நகரத்துக்காரரான அவர், 1950-ல் ஹாங்காங்கில் உணவக ஊழியர் சங்கத்தில் கற்பிக்கத் தொடங்கினார். பதின்ம வயது புரூஸ் லீ அவரிடம் வந்து சேர்ந்தது அதன் பிறகு.

தொடங்குபவருக்கு முதலில் வேண்டியது மொட்டை மாடியில் ஒரு பாய் விரிக்கும் இடம். குதிகால்களைச் சேர்த்து நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, முதலில் கால்விரல்களை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும்; பிறகு விரல்களை ஊன்றிக் குதிகால்களை வெளியே தள்ள வேண்டும். இப்போது விரல்கள் உள்நோக்கி இருக்கும். ஓடப் பார்க்கும் ஆட்டைத் தொடைகளால் இடுக்கிப் பிடிப்பது போன்ற நிலை என்பதால், சீனப் பெயரிலேயே ஆடு உண்டு. திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும். மூட்டை மட்டும் உள்ளே நெரித்து நின்றால் சில வாரங்களில் மாடிப்படி இறங்கும்போதே வலி தெரியும். முதல் வாரம் இரண்டு நிமிடம் நின்றாலே அதிகம்.

அடுத்து நடுக்கோடு. உச்சந்தலை, மூக்கு, தொண்டை, தொப்புள் வழியாக ஒரு தூக்குநூல் தொங்குவதாக வைத்துக்கொள்ளலாம். தாக்குவதும் காப்பதும் இந்தக் கோட்டை ஒட்டியே. கண்ணாடி முன் நின்று கையை மெதுவாக நீட்டிப் பார்த்தால், முழங்கை எவ்வளவு சீக்கிரம் வெளியே ஓடுகிறது என்பது விளங்கும்.

அதை அடக்கத்தான் சியு நிம் தாவ் என்ற முதல் வரிசை. பெயருக்குச் 'சிறு எண்ணம்' என்று பொருள். கால் ஓர் அங்குலம்கூட நகராது, கை மட்டும் வேலை செய்யும். முதல் பகுதியில் உள்ளங்கை மேல்நோக்கிய தான் சாவ் ஒரு முறை, மணிக்கட்டு மடங்கிய ஃபூக் சாவ் மூன்று முறை வரும். புத்தரை மூன்று முறை வணங்குதல் என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. வேகமும் அப்படித்தான் இருக்க வேண்டும். முழங்கைக்கும் மார்புக்கும் நடுவே ஒரு முஷ்டி இடைவெளி. தோள் தளர்ந்திருக்க வேண்டும், மூச்சு அதன் போக்கில் போகட்டும். சலிப்பூட்டும் பயிற்சிதான். 2008-ல் வந்த 'யிப் மான்' படத்தைப் பார்த்துவிட்டு மழைபோல் குத்து விட வந்தவர்கள் பாதியில் நிற்பதற்கு இந்த இடமே தோதானது. 1972-ல், சாவதற்குச் சில நாட்கள் முன்பு, யிப் மான் தன் வீட்டில் படம் பிடிக்கச் செய்த பயிற்சிகளில் சியு நிம் தாவும் ஒன்று.

குத்து விடும்போது முஷ்டி செங்குத்தாக இருக்கும், கட்டை விரல் மேலே. கை மார்பின் நடுவிலிருந்து நேராகப் புறப்படும். முழங்கை கீழ்நோக்கியே பின்தொடரும். கடைசி மூன்று விரல்களின் முட்டிகள் இலக்கில் படும். சுவரில் துணிப்பை மாட்டிப் பழகலாம். பைக்குள் முதலில் பச்சைப் பயறு, பல மாதம் கழித்தே மணல். வெறுஞ்சுவரில் குத்துவது வீரமல்ல, எலும்பு மருத்துவருக்குச் செலவு.

இதுவரை தனியாகச் செய்யலாம். இந்தக் கலையின் உயிர் இருப்பது சீ சாவில், அதாவது ஒட்டும் கையில். அதற்கு ஆள் வேண்டும். இருவர் எதிரெதிரே நிற்க, ஒருவர் கை தான் சாவில், மற்றவர் கை அதன்மேல் ஃபூக் சாவில். முதலாமவர் உள்ளங்கையால் மார்பை நோக்கித் தள்ளுவார். இரண்டாமவர் அதைக் கீழே அழுத்திவிட்டுக் குத்துவார். முதலாமவர் முழங்கையை உயர்த்தி, போங் சாவாகக் குத்தைத் தோளோரம் வழுக்கி விட்டுப் பழைய நிலைக்குத் திரும்புவார். இந்தச் சுற்றைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும்வரை இரண்டு கைப் பயிற்சிக்குப் போக வேண்டியதில்லை. பிடிக்கக் கூடாது, தள்ளிக்கொண்டே இருக்கவும் கூடாது. தொடுகை மட்டும் விடாமல் இருக்க வேண்டும். திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயில் தலபுராணம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தொண்டைமான் மன்னனின் யானை நின்றுபோனது காலில் சுற்றிய முல்லைக்கொடியால். யானை இழுக்க இழுக்கக் கொடி இறுகியிருக்கும். சீ சாவிலும் முரட்டுக் கைதான் முதலில் மாட்டும்.

மூன்று கையும் ஒரு காலும் கொண்ட மர பொம்மையை வாங்க அவசரம் வேண்டாம். அதன் 116 அசைவுகள் பிந்தைய பாடம். அந்தக் காலத்தில் அதை மண்ணில் நட்டு வைப்பார்கள். ஹாங்காங்கின் அடுக்குமாடி வீடுகளில் மண்ணுக்கு எங்கே போவது? சுவரோரம் சட்டத்தில் மாட்டும் வடிவம் அப்படித்தான் வந்தது. அடிபட்டால் சற்று அதிர்ந்து திரும்பும் அதுவே இன்று எங்கும் பழக்கம்.

ஆசிரியரைத் தேடுபவர் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது நல்லது. மூத்த மாணவர்கள் புதியவருடன் சீ சாவ் செய்யும்போது வேகத்தைக் குறைக்கிறார்களா, தோளில் கை வைத்து இறுக்கத்தைத் திருத்துகிறார்களா என்று கவனிக்கலாம். பிறகு தன் முதல் வகுப்புக்குப் போகும் நாளில் நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரத்தையும் வாட்ச்சையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். ஒட்டும் கையில் முதலில் கிழிவது எதிரே நிற்பவரின் முன்கைத் தோல்.